தொண்ணூறு டிகிரி

அன்று மதியம் ஆய்வகத்துக்குள் ஒன்பது பேர் வந்து நின்றார்கள். ஏதோ ஒரு கல்லூரியின் ஆசிரியர்கள். அவர்களுக்குச் சுற்றிக் காட்டும்படி இயக்குநர் காலையில் போனில் சொல்லியிருந்தார். சின்னவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஒரு பரிசோதனை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஒன்பது பேர் நிற்க இடமும் கிடையாது. ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒருவர் தும்மினார்.

அவளுக்கு வீட்டில் பெயரே சின்னவள்தான். அக்கா பெரியவள், இவள் சின்னவள். முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. ஆய்வகத்தில் எல்லோரும் மேடம் என்கிறார்கள். ஆனால் இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால் அந்த மேடம் வாசலோடு நின்றுவிடுவார். உள்ளே போவது சின்னவள்தான்.

தீயைப் பார்ப்பதுதான் அவள் வேலை. சூடான வாயு ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தனக்கே உரிய விதத்தில் உமிழும். அந்த ஒளியைப் பிரித்துத் திரையில் மேடும் பள்ளமுமாக வரைந்து பார்த்தால், ஒரு சுடருக்குள் என்னென்ன வாயு இருக்கிறது, எவ்வளவு சூடு என்பதைத் தொடாமலே சொல்லிவிடலாம். அதற்கான கருவி ஒரு சூட்கேஸ் அளவுதான் இருக்கும்.

"இது பர்னர். சுடர்லேர்ந்து கருவிக்கு ஒளி இந்தக் குழாய் வழியாத்தான் போகுது" என்று வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "குழாய்க்குள்ள நைட்ரஜன் ஓடிட்டே இருக்கும். ஏன்னா, சுடருக்குள்ள இருக்கிற சூடான கார்பன் டை ஆக்சைடு எந்த ஒளியை வெளியே விடுதோ, அதே ஒளியை வெளிக்காத்துல இருக்கிற குளிர்ந்த கார்பன் டை ஆக்சைடு முழுங்கிடும். நடுவுல காத்து புகுந்துட்டா ஒளி குறைஞ்சு வரும். சுடர் இருக்கிறதைவிடச் சூடு கம்மின்னு நாம ஏமாந்துடுவோம்."

சொல்லிக்கொண்டே திரையைக் காட்டியவள் அப்படியே நிறுத்தினாள்.

கார்பன் டை ஆக்சைடின் மேடு நடுவில் குழிந்திருந்தது. சிறிய குழிவு எப்போதும் உண்டு. ஆனால் இது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆழமாகிக்கொண்டு போனது.

"மன்னிக்கணும். எல்லாரும் கொஞ்சம் வெளியே நிக்க முடியுமா?"

ஒன்பது பேரும் முகம் சுருங்கி வெளியே போனார்கள். சின்னவள் ஜன்னலைத் திறந்துவிட்டு, கை நகத்தைக் கடித்தபடி திரை முன்னால் நின்றாள். கால் மணி நேரத்தில் குழிவு பாதியாகச் சுருங்கியது.

ஆய்வகத்தின் டெக்னீஷியனை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்பானர் இருக்கும். ஐம்பது வயதுக்காரர். பேச்சில் கேலி கலக்காமல் இருக்காது. அவர் திரையையும் குழாயையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, குழாய் கருவியோடு சேரும் ரப்பர் இணைப்பில் வாய் வைத்து, சூடான டீயை ஊதுவதுபோல மெல்ல ஊதினார். திரையில் குழிவு மளமளவென்று இறங்கியது.

"நம்ம மூச்சைக் குடிக்குது மேடம்" என்றார்.

ரப்பரை வளைத்துப் பார்த்தார்கள். அடிப்பக்கத்தில், விரல் நுழையாத மடிப்புக்குள், தலைமுடி போல ஒரு வெடிப்பு.

"இதைக் கடைசியா எப்போ கழட்டி மாட்டினோம்?" என்று கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும்.

ஸ்பானர் கேலியை விட்டுவிட்டார். "கண்ணாடி ஃபேக்டரிக்குக் கொண்டுபோனப்போ."

சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பாட்டில் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளுடைய அக்கா வீட்டுக்காரர் உலை மேற்பார்வையாளர். அவள் அத்தான் என்று கூப்பிடும் அந்த மனிதர் இருபத்தாறு வருடமாக அந்த உலையோடுதான் குடித்தனம் நடத்துகிறார் என்று அக்கா சொல்வாள். இரண்டு மாதமாக அங்கே பாட்டில்களில் குமிழி விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடி சரியாக உருகவில்லை, சூடு போதவில்லை என்று மேனேஜர் சந்தேகப்பட்டார். உலைக் கூரையில் பதித்திருந்த வெப்பமானிகளில் இரண்டு செத்துப்போயிருந்தன. மிச்சமிருந்த ஒன்றை யாரும் நம்பவில்லை. அப்போதுதான் அத்தான், "எங்க சின்னவகிட்ட ஒரு கருவி இருக்கு சார். தீயைப் பார்த்தே சூடு சொல்லும்" என்றார்.

பத்து நாளைக்கு முன்பு சின்னவளும் ஸ்பானரும் போய் அளந்தார்கள். உலையின் பக்கச் சுவரில் உள்ள பார்வைத் துளை வழியாக இரண்டு நாள் நெருப்பைப் பார்த்தார்கள். ஆயிரத்து அறுநூற்று நாற்பது டிகிரி என்று அவள் அறிக்கை கொடுத்தாள். இருக்க வேண்டியதைவிடத் தொண்ணூறு டிகிரி குறைவு. மேனேஜருக்கு மனசு ஆறிப்போனது. தான் நினைத்ததையே கருவியும் சொல்கிறது. எரிவாயுவை மூன்று தவணையாக ஏற்றுவது என்று முடிவானது: திங்கள், புதன், வெள்ளி.

இன்று வெள்ளி. மூன்றாவது தவணை மாலை ஆறு மணிக்கு, ஷிப்ட் மாறும்போது. இப்போது மணி இரண்டே கால்.

தொழிற்சாலையில் எடுத்த பழைய வரைபடங்களை அவள் திறந்தாள். ஒவ்வொன்றிலும் அந்தக் குழிவு இருந்தது, ஆழமாக. அன்றைக்கும் அவள் அதைப் பார்த்திருந்தாள். பார்க்காமல் விடவில்லை. தீயின் ஓரம் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும், அதனால் வந்த குழிவு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி மேலே போய்விட்டாள். பாடப்புத்தகத்தில் உள்ள காரணம்தான் அது. உலைக்குப் பக்கத்தில் கசியும் புகையெல்லாம் காற்றில் கலந்து நிற்குமே, அது வெடிப்பு வழியாக உள்ளே போகுமே என்று தோன்றவே இல்லை.

ஒரு தாளில் கணக்குப் போட்டாள். விழுங்கப்பட்ட ஒளியைத் திரும்பச் சேர்த்தால், அளந்த அன்றைக்கே உலை ஏறக்குறைய ஆயிரத்து எழுநூற்று முப்பதில் இருந்திருக்கிறது. எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. அதற்கு மேல் இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. உலைக் கூரைச் செங்கல்லுக்கும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் கல்லே உருகும்.

மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

இயக்குநர் கெட்டவர் அல்ல. நிதானமானவர். அந்த நிதானம் அன்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"எவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"உறுதியாத் தெரியாது சார். அதனாலதான் ஏத்தறதை நிறுத்தச் சொல்லணும்."

"உறுதியில்லாம ஒரு தடவை அறிக்கை குடுத்தாச்சு. உறுதியில்லாம அதை வாபஸ் வேற வாங்கணுமா? நம்ம பேர் என்னாகும்? புது இணைப்பு போட்டு இங்கேயே மறுபடி அளந்து பாருங்க. திங்கக்கிழமை முறையா ஒரு லெட்டர் போடலாம்."

"இன்னைக்கு ஆறு மணிக்கு ஏத்தறாங்க சார்."

"ஒரு தவணைல உலை இடிஞ்சா விழுந்துடும்?"

விழலாம், விழாமலும் போகலாம். அவளுக்குத் தெரியவில்லை. "நான் நேர்ல போறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

போனில் அத்தானைப் பிடிக்க முடியாது. உலைத் தளத்துக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அலுவலக எண்ணை அழைத்தாள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல். உலை மேற்பார்வையாளரிடம் சொல்ல முடியுமா என்று கேட்டாள். "சொல்லிடறேங்க" என்றது குரல். அந்தச் 'சொல்லிடறேங்க'வில் சொல்லப்போவதில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

அக்காவை அழைக்கலாமா என்று யோசித்தாள். என்னவென்று சொல்வது? போனை எடுத்தாள், வைத்தாள்.

ஸ்பானர் கூட வருகிறேன் என்றார். "வேணாம். நீங்க இணைப்பை மாத்தி இங்க மறுபடி அளங்க. நம்பர் வந்ததும் மெசேஜ் போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்து ஒரு வாடகைக் காரைப் பிடித்தாள்.

ஒரு மணி நேரப் பாதை. மேம்பால வேலை நடந்ததால் வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. பின் இருக்கையில் அவளால் சாய்ந்து உட்கார முடியவில்லை. கதவுக் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள்.

"ஏசி போட்டிருக்கேன் மேடம்" என்றார் ஓட்டுநர்.

"சரி."

இரண்டு நிமிடத்தில் கை மறுபடியும் பொத்தானுக்குப் போனது. ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவராகவே சந்துபொந்தெல்லாம் புகுந்து ஓட்டினார்.

வழியில் ஸ்பானரிடமிருந்து செய்தி வந்தது. 'புது ரப்பர் போட்டாச்சு. அதே பர்னர், அதே வாயு. எழுபதிலேர்ந்து நூறு வரைக்கும் கூடுது. பழைய இணைப்பு பொய் சொல்லிருக்கு.' படித்ததும் அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது, தான் போட்ட கணக்குச் சரி என்று. அடுத்த கணமே அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது.

தொழிற்சாலை வாசலில் பெயர் எழுதி, தலைக்கவசம் வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போகும்போது மணி நாலே முக்கால். உலைத் தளம் இரும்புப் படிக்கட்டு ஏறி மேலே. கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குள்ளிருந்து அத்தான் அவளைப் பார்த்துவிட்டு, சிரித்தபடி எழுந்து வந்தார்.

"என்ன சயின்டிஸ்ட்டு, திடீர் விஜயம்? சொல்லியிருந்தா மாலை வாங்கி வெச்சிருப்பேனே."

"அத்தான், ஆறு மணிக்கு ஏத்தாதீங்க. என் நம்பர் தப்பு."

அவருடைய சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, மறந்துபோன மாதிரி. கட்டுப்பாட்டு அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

"இப்போ சொல்லு."

சொன்னாள். வெடிப்பு, காற்று, குழிவு, தொண்ணூறு டிகிரி. முடித்ததும் அவர், "மீட்டிங்ல எல்லாரும் முணுமுணுத்தாங்க" என்றார். "வெளி ஆளோட கருவியை எப்படி நம்பறதுன்னு. நான்தான் எழுந்து நின்னு பேசினேன். அது வெளி ஆள் இல்ல, எங்க வீட்டுப் பொண்ணு, அவ கருவி பொய் சொல்லாதுன்னேன்."

"கருவி பொய் சொல்லல அத்தான். நான்தான் இணைப்பைச் சோதிக்கல."

அவர் மேசையிலிருந்து நீலக் கண்ணாடி பதித்த முகக்கவசத்தை எடுத்தார். இன்னொன்றை அவளிடம் கொடுத்தார். உலையின் பக்கத் துளைக்குப் போனார்கள்.

நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் அந்த வெள்ளை நெருப்புக்குள்ளும் உருவங்கள் தெரியும். கீழே ஏரி போல உருகிய கண்ணாடி. மேலே வளைந்த கூரை. முதலில் அவளுக்கு எதுவும் புரியவில்லை. அத்தான் அவள் தலைக்கவசத்தைப் பிடித்து லேசாக வலதுபக்கம் திருப்பினார். கூரையின் அந்த மூலையில் செங்கல் பளபளவென்று, வியர்த்த நெற்றி மாதிரி இருந்தது. அதன் நடுவில் விரல் நீளத்துக்கு ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நுனி அறுந்து கீழே விழுந்தது.

கல் உருகிச் சொட்டுகிறது.

"அத்தான், இது..."

"நேத்து மத்தியானமே பார்த்தேன்" என்றார். கவசத்தைக் கழற்றாமலே பேசினார், முகம் தெரியவில்லை. "நேத்தே பார்த்தேன். பழைய கறையா இருக்கும், வெளிச்சம் அப்படிக் காட்டுதுன்னு நினைச்சேன். நினைச்சேன்னு சொல்லக்கூடாது, நினைச்சுக்கிட்டேன். உன் நம்பர் இருக்கே கையில. அது இன்னும் சூடு பத்தலைங்குது. என் கண்ணு வேற ஒண்ணு சொல்லுது. இத்தனை பேர் முன்னால உனக்காகப் பேசிட்டு, நாலே நாள்ல போயி கூரை சொட்டுதுன்னு எப்படிச் சொல்றது?"

அவள் துளை வழியே மறுபடியும் பார்த்தாள்.

எரிவாயுவைக் குறைக்க வேண்டுமென்றால் மேனேஜர் கையெழுத்து வேண்டும். மேனேஜர் இன்னும் மீட்டிங்கில். அத்தான் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கட்டுப்பாட்டு அறைக்குள் போய், தானே உட்கார்ந்து வாயுவைக் குறைக்கத் தொடங்கினார்.

சட்டென்று மூடிவிட முடியாது. அத்தனை பெரிய கூரை ஒரேயடியாகக் குளிர்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். கொஞ்சம் குறைப்பது, பத்து நிமிடம் காத்திருப்பது, துளையில் போய்ப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் குறைப்பது. சின்னவளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கதவிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து கதவுக்கும் நடந்தாள். அங்கிருந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள். மூன்றாவது முறை அத்தான் அதை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

ஐந்தரைக்கு மேனேஜர் வந்தார். திரையில் எண்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"யார் குறைக்கச் சொன்னது?"

"நான்தான் சார்" என்றார் அத்தான், திரும்பாமல்.

"நான் சொன்னேன்" என்றாள் சின்னவள். "என் அறிக்கை தப்பு. எழுதித் தரேன்."

மேனேஜர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "குடும்பத்தோட வந்து என் உலையோட விளையாடறீங்களா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் தளத்திலிருந்து ஒருவர் கை காட்டிக்கொண்டு ஓடி வந்தார். மூலையில் ஒரு கல் துண்டு உடைந்து கண்ணாடிக்குள் விழுந்துவிட்டது. மூன்று பேரும் துளைக்கு ஓடினார்கள். கூரையில் கைப்பிடி அளவுக்கு ஒரு பள்ளம். மேனேஜர் ரொம்ப நேரம் பார்த்தார். கவசத்தைக் கழற்றியபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "குறைங்க. அப்படியே மெதுவா குறைச்சுக்கிட்டே போங்க" என்றார்.

கூரை இடியவில்லை. பள்ளத்தை வெளிப்பக்கத்திலிருந்து ஒட்டுப் போட்டு அடைத்தார்கள். ஆனால் நாலு நாளைக்குக் கண்ணாடியில் கல் துணுக்கு கலந்து வந்தது. அத்தனை பாட்டிலும் உடைக்கத்தான் போனது.

சின்னவள் திங்கட்கிழமை கடிதம் எழுதினாள். இயக்குநர் அதைப் படித்துவிட்டு, "கருவிக் கோளாறு காரணமாகன்னு போட்டாப் போதுமே" என்றார். அவள் மாற்றவில்லை. 'இணைப்பைச் சோதிக்காமல் அளந்தது நான். வரைபடத்தில் தெரிந்த அறிகுறியைத் தவறாக விளக்கிக்கொண்டதும் நான்' என்று அவள் எழுதியபடியே கடிதம் போனது. இயக்குநர் கையெழுத்திட்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. வாரக் கூட்டத்தில் மட்டும், "இந்தக் காலத்துல இப்படி எழுதறவங்க அபூர்வம்" என்று எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

தொழிற்சாலையிலிருந்தும் ஒரு கடிதம் போனது, அத்தானுக்கு. கூரை சொட்டுவதைப் பார்த்தும் ஒரு நாள் தெரிவிக்காமல் இருந்ததற்காக உலை மேற்பார்வையிலிருந்து நீக்கம். மணலும் உடைந்த கண்ணாடியும் கலக்கும் வெளிமுற்றத்துக்கு மாற்றம்.

செய்தி தெரிந்த அன்று சாயங்காலம் சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அத்தான் இருக்காரா?"

"படுத்திருக்கார்."

"அக்கா, நான் லெட்டர்ல தப்பு என்னோடதுன்னுதான் எழுதியிருக்கேன். அவர் மேல ஒரு வார்த்தை..."

"அவர் காட்டினார், படிச்சேன்" என்றாள் அக்கா. "நல்லா எழுதியிருந்த. நீ தப்புப் பண்ணிட்டேன்னு எழுதினா, ஆஹா எவ்வளவு நேர்மைன்னு சொல்வாங்க. அவரும் தப்பை ஒத்துக்கிட்டார். நேத்தே பார்த்தேன் சார்னு அவராத்தான் போய்ச் சொன்னார். யாரும் கேக்கல. அவருக்கு என்ன கிடைச்சுது பார்த்தியா?"

சின்னவள் வாசலில் நின்றாள்.

"போ. பஸ் போயிடும்" என்றாள் அக்கா. இரண்டு தெருவுக்கு எந்தப் பஸ்ஸும் கிடையாது.

அடுத்த மூன்று வாரமும் அவளால் ஒரு வேலையிலும் ஒட்ட முடியவில்லை. ஆய்வகத்தில் எல்லா இணைப்பையும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஊதிப் பார்த்தாள். "மேடம், நீங்க ஊதி ஊதியே ரப்பர் கிழிஞ்சுடும்" என்றார் ஸ்பானர். மேனேஜரை இரண்டு முறை போய்ப் பார்த்தாள். அனுமதி இல்லாமல் வாயுவைக் குறைத்தது தவறுதான், ஆனால் அந்த நாற்பது நிமிடம் தாமதித்திருந்தால் கைப்பிடி அளவுப் பள்ளத்தோடு போயிருக்காது என்று எடுத்துச் சொன்னாள். "தெரியும்மா. அதனாலதான் அவர் இன்னும் வேலையில இருக்கார்" என்றார் மேனேஜர். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் பெயரவில்லை.

ஒரு புதன்கிழமை காலை அவளுடைய போன் அடித்தது. அத்தான். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒரு சந்தேகம்" என்றார். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "உடைஞ்ச பழைய பாட்டிலை உருக்கறதுக்குப் போடறோம்ல. அதுல மண்ணு, எண்ணெய், லேபிள் பேப்பர் எல்லாம் ஒட்டியிருந்தா உலைக்குள்ள என்ன ஆகும்?"

"எரியும். வாயு வரும். கண்ணாடிக்குள்ள மாட்டிக்கிட்டா..." அவள் நிறுத்தினாள். "குமிழி."

"அதான். இங்க கழுவற பம்ப்பு மூணரை மாசமா ஒழுங்கா ஓடல. ரெண்டாவது ஷிப்ட்ல கழுவாமலே அள்ளிப் போட்டிருக்காங்க. மேல உலைகிட்ட உட்கார்ந்திருந்த வரைக்கும் எனக்கு இது தெரியாது. நெருப்பையே பார்த்துக்கிட்டிருந்துட்டேன்."

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்றதுக்கு முன்னால நிச்சயம் பண்ணிக்கணும். ரெண்டு சாக்குல அழுக்குக் கண்ணாடி அனுப்பறேன். சூடாக்கி என்ன வாயு வருதுன்னு உன் கருவில பார்த்துச் சொல்றியா? இணைப்பெல்லாம் சரியா இருக்குல்ல?"

"இருக்கு அத்தான்" என்றாள்.

சாக்குகள் மறுநாள் வந்தன. ஸ்பானரும் அவளும் கண்ணாடித் துண்டுகளைச் சிறு உலையில் வைத்துச் சூடேற்றி, வெளிவந்த வாயுவைக் கருவிக்குள் விட்டார்கள். கழுவிய துண்டுகளில் வரைபடம் கிட்டத்தட்ட தட்டையாக இருந்தது. கழுவாத துண்டுகளில் கார்பன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் குத்திட்டு எழுந்தன. நாலு முறை செய்தாள். ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்றி மாட்டி, ஊதிப் பார்த்துவிட்டுச் செய்தாள். முடிவைத் தன் பெயரில் அனுப்பாமல் அத்தானுக்கே அனுப்பினாள். அவர் அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். பம்பை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் குமிழி பெருமளவு குறைந்துவிட்டது.

அத்தானை மறுபடியும் உலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போகமாட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டார். அது உண்மையா, வீறாப்பா என்று யாருக்கும் தெரியாது.

உலையின் சூட்டைத் திரும்ப அளக்க வேண்டியிருந்தது. மேனேஜர் வேறு யாரையோ கூப்பிடுவார் என்று சின்னவள் நினைத்திருந்தாள், அவளையே கூப்பிட்டார். "ஒரு தடவை பட்டவங்க ரெண்டாவது தடவை கவனமா இருப்பாங்க" என்றார். புதிய மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று, "எவ்வளவு, எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று நாள் அளந்தபிறகு எழுதிக் கொடுத்தாள்: ஆயிரத்து எழுநூற்று இருபத்தைந்து, முப்பது டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். அவருக்கு அந்த இரண்டாவது பாதி பிடிக்கவில்லை.

திரும்பும்போது வெளிமுற்றத்துப் பக்கம் போனாள். அத்தான் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் குவியலுக்கு நடுவில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். கிட்டே வரவில்லை, தண்ணீர்க் குழாயை விட்டுவிட்டு வர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து இரண்டே சொல்லில் செய்தி வந்தது. 'சாப்பிட வா.'

போனாள். அத்தான் கடைக்குப் போயிருந்தார். அக்கா தட்டு வைத்தாள், பரிமாறினாள், எதிரில் உட்கார்ந்தாள். சின்னவள் குனிந்து சாப்பிட்டாள். பாதிச் சாப்பாட்டில் அக்கா கேட்டாள்.

"மறுபடி அளந்தியாமே. இப்போ எத்தனை டிகிரியாம்?"

"ஆயிரத்து எழுநூத்தி இருபத்தஞ்சு."

"நிச்சயமா?"

"முப்பது முன்னே பின்னே இருக்கலாம்."

அக்கா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். கோபம் முழுதாகப் போயிருக்கவில்லை. ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

"இந்த முப்பதை அன்னைக்கே சொல்லியிருந்தா, அவரும் தன் கண்ணைக் கொஞ்சம் நம்பியிருப்பார்ல?"

சின்னவளின் கை தட்டில் நின்றது. வாசலில் அத்தானின் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.